கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுவேன்

"அந்த ரோட்டை நான் கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுவேன்" என்று அண்ணன் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். அதை நினைத்தால் என்னை நானே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அண்ணன் வீட்டு முன்னறையில் மேசையை நடுவே இழுத்துப் போட்டு, என் மகள் வரைந்த பெரிய சார்ட்டை அதன்மேல் விரித்திருந்தோம். அவளுக்கு ஒன்பது வயது. படிப்பைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கெட்டிக்காரி. அடிவாரத்திலிருந்து உச்சி வரை மலைப்பாதை, இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். பாதையின் இரண்டு பக்கமும் அருவி, ஏரி, தொங்கு பாலம், காட்சி முனை என்று வண்ணம் வண்ணமாக வரைந்திருந்தாள். கீழ் மூலையில் எங்கள் வேன். யார் யாருக்கு எந்த சீட் என்று அதில் எழுதியிருந்தது. டிரைவர் சீட்டில் மட்டும் பெயர் இல்லை, ஒரு மீசை இருந்தது. அண்ணன் முகத்தில் பாதி மீசைதான், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது.

"எதுக்கும் ஒரு டிரைவரைப் போட்டுக்கலாமா மச்சான்? நீங்களும் நிம்மதியா சுத்திப் பாக்கலாம்" என்று என் வீட்டுக்காரர் இழுத்தார். அவர் சைக்கிள் ஓட்டும்போதே பிரேக்கிலிருந்து கையை எடுக்காத மனுஷர்.

"என்னை வெச்சிக்கிட்டு டிரைவரா? நல்லா சொன்னீங்க மாப்பிள்ளை!" அப்போதுதான் அந்தக் 'கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுவேன்' பேச்சு வந்தது. இருபத்தாறு வருஷமாகத் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவன். காலையில் நாற்பது பேர், சாயந்திரம் நாற்பது பேர். ஒரு கீறல் கிடையாது. அவன் அப்படிப் பேசினால் பேசட்டும் என்றுதான் நாங்கள் இருந்தோம்.

அண்ணி காபியைக் கொண்டுவந்து அவன் வலது முழங்கையருகே வைத்தார். சார்ட்டின்மேல் குனிந்திருந்தவன் கையை நீட்டினான். டம்ளர் உருண்டு, பதினேழாவது வளைவு முழுக்கக் காபி.

"கண்ணை எங்க வெச்சிருக்கீங்க?" என்றார் அண்ணி. அது அந்த வீட்டில் தினமும் மூன்று வேளையும் கேட்கிற பாட்டு. நாங்கள் சிரித்தோம்.

கொஞ்ச நேரத்தில் "பென்சில் எங்கே?" என்றான். பென்சில் அவன் கைக்குப் பக்கத்தில் கிடந்தது. மகள் எடுத்துக் கொடுத்தாள். அதற்கும் சிரித்தோம்.

பிறகு போகிற இடங்களை வரிசையாக வாசிக்கத் தொடங்கினான். விரலை வைத்துத் தலையை மெதுவாகத் திருப்பித் திருப்பி வாசித்தான். அருவி. பாலம். காட்சி முனை.

"ஏரியை விட்டுட்டீங்க மாமா! இவ்ளோ பெருசா வரைஞ்சிருக்கேன்!" என்றாள் மகள்.

"எங்கே?" என்று கேட்டான். ஏரி சார்ட்டின் வலது ஓரத்தில், ஒரு தட்டு அளவுக்கு நீலமாக இருந்தது. அவன் தலையை முழுசாகத் திருப்பிய பிறகுதான் "அட, ஆமா" என்றான்.

எனக்கு இந்த முறை சிரிப்பு வரவில்லை.

நான் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். பதினொரு வருஷம். எழுத்துப் பலகை முன்னால் ஆட்களை உட்காரவைத்து, இந்த லென்ஸா அந்த லென்ஸா என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்தவள். எங்கள் கடைக்குச் சிலர் வருவார்கள். கதவில் தோளை இடித்துக்கொள்வார்கள், ஸ்டூலில் தடுக்குவார்கள், ஆனால் பலகையின் கடைசி வரியைக் கடகடவென்று வாசித்துவிடுவார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் கடைக்கு வரும் டாக்டர் அவர்களை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். கண்ணில் பிரஷர். அது ஓரத்திலிருந்துதான் பார்வையைத் தின்னும். நடுப்பார்வை கடைசி வரைக்கும் பளிச்சென்று இருக்கும். எழுத்துப் பலகை இருப்பதோ நடுவில்.

போன வருஷம் அண்ணன் லைசென்ஸ் புதுப்பிக்க வந்தபோது அவனைச் சோதித்தவள் நான்தான். கடைசி வரியை வாசித்தான். "கழுகுக் கண்ணு உனக்கு!" என்று முதுகில் தட்டி எழுதிக் கொடுத்தேன். நான் எழுதியதை நம்பி டாக்டர் கையெழுத்துப் போட்டார். டாக்டருக்கு நான் இந்த ஜென்மத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

பால் வாங்கப் புறப்பட்ட அண்ணனோடு நானும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். தெருவில் அவனுக்கு வலது பக்கமாக, அரை அடி பின்னால் நடந்தேன். கையை அவன் காதுக்கு நேராக உயர்த்தி ஆட்டினேன். நாக்கைத் துருத்தினேன். அவன் பாட்டுக்கு வேன் டயரைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான். பக்கத்துச் சந்திலிருந்து ஒரு சைக்கிள் வெளியே வந்தது. நான் சட்டையைப் பிடித்து இழுக்காவிட்டால் அதன்மேலேயே போய் விழுந்திருப்பான்.

"எத்தனை நாளா இப்படி?" என்றேன்.

"எப்படி?"

"என்கிட்ட நடிக்காதே. நான் சோறு தின்கிறதே கண்ணு பாத்துத்தான்."

பால் கடைக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டான். சட்டைப் பையிலிருந்து சின்ன சொட்டு மருந்து பாட்டிலை எடுத்துக் காட்டினான். தூசிக்கு என்று அண்ணியிடம் சொல்லியிருந்தானாம்.

"எட்டு மாசம். டவுனுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. போனது போனதுதானாம். இருக்கிறதைக் காப்பாத்தலாமாம்."

"எவ்வளவு இருக்கு?"

கை இரண்டையும் சுருட்டி, குழாய் மாதிரி கண்ணில் வைத்துக் காட்டினான். என் அண்ணன், மீசைக்காரன், சின்னப் பிள்ளை பைனாகுலர் விளையாடுவதுபோல நின்றான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. எனக்கு எப்போதுமே ஆத்திரம்தான் முந்திக்கொள்ளும்.

"உனக்கு மூளை இருக்கா? நாப்பது பேர் உயிரை வெச்சிக்கிட்டுத் தினமும் விளையாடுறியா?"

"கத்தாதே. தலையைத் திருப்பித் திருப்பிப் பாத்துத்தான் ஓட்டுறேன். ஒரு தப்பு நடந்திருக்கா?"

"நடக்கிற வரைக்கும் நடக்காதுதான்."

"இதோ பார், வாயாடி. வேலையை விட்டுடுறேன். சத்தியமா. இந்த மலைக்கு மட்டும் போயிட்டு வந்துடுறேன். கல்யாணமான வருஷத்துல உங்க அண்ணிக்குச் சொன்னது. நானே ஓட்டி உன்னை மேல கூட்டிட்டுப் போறேன்னு. லீவு கிடைச்சா வண்டி கிடைக்காது, வண்டி கிடைச்சா லீவு கிடைக்காது, இப்படியே போயிடுச்சு. இன்னும் கொஞ்ச நாள்ல நான் எதைப் பாக்கப்போறேன்?"

"பாரு. யாரு வேண்டாங்கிறா? பின்னாடி உக்காந்து பாரு!"

"மலை ரோட்டுல பக்கவாட்டுல பாக்க என்ன இருக்கு? நேரா பாத்தா போதும்" என்றான். சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவன் சொல்கிற பேச்சைப் பாருங்கள். அதற்குப் பிறகு குரலை இறக்கி, "கண்ணு நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுத்தது நீதானே?" என்றான்.

குத்திக்காட்டத்தான் சொன்னானோ, ஆறுதலுக்காகச் சொன்னானோ, இன்றைக்கு வரை தெரியாது. அவன் கையை நீட்டினான். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். பதிலுக்கு நானும் ஒன்று கேட்டேன். சனிக்கிழமை கிளம்பும் வரைக்கும் பஸ்ஸைத் தொடக் கூடாது, லீவு போட வேண்டும். என் எதிரிலேயே போனை எடுத்து முதுகுவலி என்று சொல்லிவிட்டான். பயணத்தை எப்படியாவது அதற்குள் கெடுத்துவிடலாம் என்று நான் நினைத்திருந்தேன்.

கெடுக்க முடியவில்லை. மழை வரும் என்றேன். "வைப்பர் இருக்கு" என்றான். எனக்குக் காய்ச்சல் என்றேன். "மலைக் காத்துக்குச் சரியாப் போயிடும்" என்றான். வீட்டுக்காரரிடம் டிரைவர் பேச்சை மறுபடி எடுக்கச் சொன்னேன். "மச்சான் என்னை மலையிலேருந்து தள்ளி விட்டுடுவாரு, நீயே சொல்லு" என்று பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். கடையிலும் புத்தி வேலையில் இல்லை. ஒரு அம்மாளுக்கு இடது கண் பவரை வலது கண்ணுக்கு எழுதிவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இருபத்திரண்டு வளைவு. ஒவ்வொரு வளைவிலும் எதிரே வருகிற வண்டி ஓரத்திலிருந்துதானே தலையைக் காட்டும்? என் மகள் ஜன்னல் சீட் தனக்குத்தான் என்று வேறு எழுதி வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் மூட்டை கட்ட எல்லோரும் அண்ணன் வீட்டில் கூடினோம். நண்பனிடம் கேட்டு வாங்கிய வேன் வாசலில் நின்றது. அதன் வலது பக்கக் கதவில் புத்தம் புதிதாக ஒரு நீளக் கீறல். அடுத்த தெருவிலிருந்து இந்தத் தெருவுக்குக் கொண்டுவருவதற்குள்!

"கேட்டுல லேசா உரசிடுச்சு" என்றான் என்னைப் பார்க்காமல்.

"இருபத்தாறு வருஷத்துல முதல் கீறல்!" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. பைக்குள் மடித்து வைத்த போர்வையை எடுத்துத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்றுதானே சத்தியம்? சரி.

"அண்ணா, இப்படி உக்காரு. ஒரு விளையாட்டு" என்றேன்.

"இப்ப என்ன விளையாட்டு? வேலை கிடக்கு."

"மாமா, விளையாடலாம் மாமா!" என்று மகள் அவன் கையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்காரவைத்தாள். அவள் கூப்பிட்டால் அவன் வராமல் இருக்க மாட்டான். அவர்களுக்கென்று பிள்ளை இல்லை. அவனுக்கு இவள்தான் எல்லாம். நான் எதிரில் முட்டி இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்தேன்.

"என் மூக்கை மட்டும் பாரு. தலையைத் திருப்பக் கூடாது. கண்ணை அசைக்கக் கூடாது. நான் ஓரத்துல விரலை ஆட்டுவேன். ஆடுதா இல்லையான்னு சொல்லணும்."

அவனுக்குப் புரிந்துவிட்டது. மீசைக்குக் கீழே உதடு இறுகியது. எழுந்து போயிருக்கலாம். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எழுந்தால் அதுவே பதிலாகிவிடும்.

இரண்டு கையையும் அகல விரித்து வலது விரலை ஆட்டினேன். "இப்போ?"

"ஆடுது."

விரலை நிறுத்தினேன். "இப்போ?"

"இல்லை."

என் தோள் அசைவதை வைத்துச் சொல்கிறான். கெட்டிக்காரன், சும்மாவா எட்டு மாசம் ஊரை ஏமாற்றினான்? "மாமா சூப்பர்!" என்று மகள் குதித்தாள். அண்ணி போர்வையைக் கீழே வைத்துவிட்டு அருகே வந்து நின்றார்.

அண்ணன் என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று அந்தக் கண் கெஞ்சியது. எத்தனையோ கண்ணை இவ்வளவு கிட்டத்தில் பார்த்திருக்கிறேன், எதுவும் என்னை இப்படிப் பார்த்ததில்லை. சின்ன வயதில் என்னை சைக்கிள் பாரில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு மிதித்தவன். நான் மூச்சை அடக்கிக்கொண்டு, தோள் அசையாமல், இரண்டு கையையும் மெல்லக் கீழே இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"இப்போ?" என்றேன்.

கொஞ்சம் யோசித்தான்.

"ஆடுது" என்றான்.

மகள்தான் சிரித்துக்கொண்டே, "அய்யய்யோ மாமா, அம்மா கையையே நீட்டலையே!" என்றாள். சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்து அவளும் அடங்கிவிட்டாள்.

அண்ணன் தலையைத் தாழ்த்தி என் மடியைப் பார்த்தான். கை இரண்டும் அங்கே கிடந்தன.

"என்னங்க?" என்றார் அண்ணி. "என்னங்க இது?"

அவனே எல்லாவற்றையும் சொன்னான். எட்டு மாசம், ஆஸ்பத்திரி, சொட்டு மருந்து, குழாய். அண்ணி நின்றபடியே கேட்டார். அவர் கத்துவார், மலைக்காக இத்தனை வருஷம் காத்திருந்ததைச் சொல்லித் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தினமும் கேட்டேனே" என்றார். "கண்ணை எங்க வெச்சிருக்கீங்கன்னு மூணு வேளையும் கேட்டேனே. ஒரு நாளாவது சொல்லக் கூடாதா?"

என் பங்கையும் அண்ணியிடம் சொன்னேன், நான் தட்டிக்கொடுத்து எழுதிக் கொடுத்ததை. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் எழுந்து மேசைக்குப் போனான். சார்ட்டில் காபிக் கறை காய்ந்து பழுப்பாக இருந்தது. தடவித் தடவி ரப்பரைக் கண்டுபிடித்து, டிரைவர் சீட்டில் இருந்த மீசையை அழித்தான். பேப்பர் கிழிந்துவிடுமோ என்கிற அளவுக்கு அழுத்தி அழித்தான்.

"அப்ப மாமாவுக்கு எந்த சீட்?" என்றாள் மகள் சன்னமாக.

"டிரைவருக்குப் பக்கத்து சீட்டுல உங்க அத்தையைப் போடு. அவ பின்னாடி என்னைப் போடு." பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் முகத்தைத் திருப்பி, "மாப்பிள்ளை, ஒரு டிரைவருக்குச் சொல்லிடுங்க. நாளைக்கு வர மாட்டான்னா ஞாயித்துக்கிழமை போவோம். திங்கள்கிழமை நான் ஆபீஸ்ல பேசிக்கிறேன்" என்றான்.

சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்தான்.

"இந்தா வாயாடி, பிடி" என்று நீட்டினான். நான் அழுகையை மறைக்க இரண்டு அடி நகர்ந்து ஜன்னல் பக்கம் போயிருந்தேன். அவனுக்கு அது தெரியவில்லை. நான் முன்பு நின்ற இடத்தைப் பார்த்து, யாருமில்லாத இடத்துக்குச் சாவியை நீட்டிக்கொண்டு நின்றான்.

திரும்பி வந்து, அவன் பார்க்கிற இடத்தில் நின்று, சாவியை வாங்கிக்கொண்டேன்.