பயமில்லை என்று எழுதிய பிறகு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் பின்கொட்டகையிலிருந்து. அண்ணன் பழைய கார்களைப் பிரித்துப்போடும் இடத்தில் வேலை பார்க்கிறான். நொறுங்கிய ஒரு காரிலிருந்து டர்போவைக் கழற்றி வந்தான். நத்தை ஓடு மாதிரி இரும்பு உறை, உள்ளே சுழலும் சின்னச் சக்கரம். அதைச் சைக்கிள் கேரியரில் பூட்டி, எரிவாயு கொடுத்து, ஜெட் ஆக்கப்போகிறான். பள்ளியை விட்டபோது மீந்த நோட்டுகளில் நான் அதை எழுதுகிறேன். யாருக்கும் தெரியாது.

முதல் தொடக்கம்: "அந்தச் சைக்கிளுக்கு உயிர்..." (வேண்டாம்.)

இரண்டாவது: "அண்ணன் பயம் என்றால் என்னவென்றே அறியாதவன்."

இது கம்பீரமாக இருந்தது. வைத்துக்கொண்டேன்.*

* சுத்தப் பொய். ராட்டினத்தில் ஏறி, அது சுற்றுவதற்கு முன்பே இறங்கி ஓடியவன் அவன்.

2

"எண்ணெய்க் குழாய் வானம் பார்த்து நின்றது" என்று ஒருநாள் எழுதினேன். விவரம் தெரிந்து எழுதவில்லை, வாக்கியம் அழகாக அமைந்தது. மறுநாள் டீ கொண்டுபோனபோது அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். டர்போவிலிருந்து ஒரு குழாய் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது.

"எண்ணெய் தானா கீழ வடியணும். இப்படி மாட்டினா உள்ளயே தேங்கிப் புகையும். எனக்கே தெரியும். பின்ன ஏன் இப்படி மாட்டினேன்?"

"கழட்டிருண்ணா."

"கழட்டத்தான் பாக்குறேன். கை வரமாட்டேங்குது."

உள்ளே ஓடி, "வானம்" என்பதை அடித்துவிட்டுத் "தரை" என்று எழுதினேன். மை காய்வதற்குள் ஸ்பேனர் சத்தம் கேட்டது.

3

அவன் என் நோட்டைத் திருட்டுத்தனமாகப் படிக்கிறான் என்று நம்பிவிடத்தான் ஆசைப்பட்டேன். படித்திருந்தால் கறை இருக்கும். உப்பு டப்பா, சுவிட்சு, அம்மாவின் மூக்குக்கண்ணாடி என்று அவன் தொட்ட எதிலும் கிரீஸ் கைரேகை உண்டு. ("இவன் திருடப்போனா போலீசுக்கு வேலையே இல்ல" என்பாள் அம்மா.) ஒவ்வொரு பக்கத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

ஒரு பொட்டுக் கறை இல்லை.

4

(இங்கே கதாநாயகன்மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது.)

நேற்று அவன் கொட்டகைக் கூரையின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தான். சும்மா.

"டேய், ஏணில மூணாம்படி தாண்டாதவன், அங்க என்னடா உனக்கு? இறங்கு," என்றாள் அம்மா.

"பயப்படணும்னு தெரியுதும்மா. வரமாட்டேங்குது."

முதல் பக்கத்துக்குப் போய் அந்தக் கம்பீரமான வாக்கியத்தை அடித்தேன். "அண்ணன் பயந்தவன்" என்று எழுதினேன். ஜன்னல் வழியே பார்த்தேன். கூரைமேல் அவன் உட்கார்ந்துவிட்டான். கைகால் உதறியது. முகம் மட்டும் அப்படியே இருந்தது.

"இப்ப சரியா?" என்று கேட்டான்.

அம்மாவிடம் கேட்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக் கேட்டான்.

5

இன்று காலை, மூடிக்கிடக்கும் ஆலைக்குப் பின்னால் உள்ள நேர்ச்சாலை. ஓரத்தில் நான், மடியில் நோட்டு. பிளோயரை வைத்து டர்போவுக்குள் காற்றை ஊதினான், பற்றவைத்தான். சீறல் விசிலாக ஏறியது. பின்வாய் சிவந்தது. சைக்கிளில் இருப்பதோ பழைய ரப்பர் பிரேக்தான். உட்கார்ந்து ஒரு காலைத் தரையில் ஊன்றியிருக்கிறான்.

முடிவு அ: எரிவாயு தீர்ந்து

இவ்வளவுதான் எழுதினேன். விசில் தணிந்தது. அதோடு அவன் முகமும் அணைந்தது, சுவிட்சைத் தட்டினாற்போல. பயந்துபோய் அந்த வரியை அடித்தேன். இரண்டும் திரும்பி வந்தன.

முடிவு ஆ: சாலைக் கடைசி வளைவில் அவன்

(மாட்டேன்.)

அ-வை எழுதி முடித்தால் அவன் பிழைப்பான். ஆனால் வீட்டுக்கு வருவது யார்? நாளைக்குச் சாப்பிட உட்கார்ந்தால், கையை வாய்க்குக் கொண்டுபோக நான் ஒரு வரி எழுத வேண்டியிருக்குமோ?

அவன் இன்னும் கிளம்பவில்லை. என் பேனாவையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நோட்டை மூடிவிடப்போகிறேன். வகுப்பில் ஆஜர் சொல்லக்கூடக் குரல் எழும்பாதவள் நான். இந்த விசிலுக்கு மேலே கத்தவேண்டும்: அண்ணா, இறங்கு. அவன் இறங்கினானா என்பதை இங்கே எழுதமாட்டேன். இறங்கினால் அது அவனாக இறங்கியதாக இருக்கவேண்டும்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்களும் மனசுக்குள் ஒரு முடிவை எழுதிவைக்காதீர்கள். அவன் இப்போது உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறான்.