பதினொரு துளைகள்

தொட்டிலுக்குள் எலிப் புழுக்கை கிடந்த அன்றே எலக்ட்ரீசியனின் மனைவி ஏழு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை போடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று மட்டும் சொன்னாள்.

"இந்த வீட்டுல ஒண்ணு எலி இருக்கணும், இல்ல நாங்க இருக்கணும். பேசி முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க."

எலியோடு பேசிப் பார்க்காததுதான் பாக்கி. அரிசி, பருப்பையெல்லாம் இறுக மூடும் டப்பாக்களுக்கு மாற்றினான். குப்பையைப் பொழுது சாயும் முன்பே வெளியேற்றினான். குழந்தை வளரும் வீடாயிற்றே என்று விஷம் வைக்க மனம் வரவில்லை. பொறிதான் வைத்தான். மூன்று நாளில் நான்கு விழுந்தன. ஐந்தாவது, துக்கம் விசாரிக்க வந்ததுபோல் அடுப்பு மேடையில் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டது.

அன்று மனைவி போனில் சொன்னாள்: "பாப்பா முட்டி போட ஆரம்பிச்சுட்டா. இன்னும் ரெண்டு நாள்ல தவழ்ந்துடுவா."

அவள் பெருமையாகத்தான் சொன்னாள். அவன் கணக்கு வேறாக ஓடியது. மகள் முதன்முதலாகத் தவழப்போவது வேறொரு வீட்டுத் தரையிலா?

மறுநாள் சாயங்காலம் மனைவியின் தம்பி வந்தான். பேக்கரியில் மாவு பிசைபவன். கையில் ஒரு பை மைதா.

"ரொட்டி சுடப் போறியா மச்சான்?"

"இல்ல மாமா. உங்க வீட்டு எலிங்க எந்த வழியா வேலைக்குப் போயிட்டு வருதுன்னு பாக்கப் போறேன்."

சுவரோரமெல்லாம் மாவை மெல்லியதாகத் தூவிவிட்டுப் போனான். காலையில் அவன் திரும்பி வந்தபோது மாவின்மேல் குட்டிக் குட்டிக் கால் தடங்கள், நடுவே வால் இழுத்த கோடு. தடம் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய் மறைந்தது. இருவரும் மெஷினை இழுத்தார்கள். ஒற்றை ஒயர் வரும் இடத்தில் மூன்று விரல் நுழையும் துளை.

எலக்ட்ரீசியனே போட்டது. நாளைக்கே இன்னொரு ஒயர் இழுக்க நேர்ந்தால் மறுபடி எதற்குச் சுவரை உடைப்பது என்று எப்போதும் தாராளமாகவே துளை போடுவான். அந்த இன்னொரு ஒயர் இன்றுவரை வந்து சேரவில்லை.

மச்சான் துளையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான். "நல்வரவுன்னு ஒரு போர்டு மாட்டலையே மாமா, அதுதான் குறை."

"அக்காகிட்ட சொல்லிடாதடா."

"நான் எதுக்குச் சொல்லணும்? நீங்க சொல்லாம இருக்க மாட்டீங்க."

பென்சில் நுழைகிற சந்தில் சுண்டெலி நுழையும் என்றான் மச்சான். ஆளுக்கொரு பென்சிலோடு வீடு முழுக்கத் தவழ்ந்து தேடினார்கள். மொத்தம் பதினொரு துளைகள், அத்தனையும் எலக்ட்ரீசியனின் கைவண்ணம். துணியை அடைத்தால் கடித்துவிடும் என்பதால், பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து மேலே சிமென்ட் பூசினார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட கடைசி எலி மறுநாள் பொறியில் விழுந்தது. பிறகு மூன்று காலைகள், தூவிய மாவு தூவியபடியே இருந்தது.

மூன்றாம் நாள் அவன் மனைவிக்குப் போன் செய்தான்.

"எலி போயிடுச்சு. அதுக்கு வழி விட்டதே நான்தான். ஒயருக்குப் போட்ட ஓட்டை."

"எத்தனை?"

"பதினொண்ணு."

"நான் சுத்தமா வச்சுக்கலையோன்னு தினமும் அடுப்படியைத் தேய்ச்சுத் தேய்ச்சுச் செத்தேன், தெரியுமா?"

"தெரியும். அதான் மறைக்க மனசு வரல."

மத்தியானமே வந்துவிட்டாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பூச்சையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். பதினொன்றாவதையும் பார்த்த பிறகுதான் குழந்தையைத் தரையில் இறக்கினாள்.

"தவழ்ந்துட்டாளா?" என்று கேட்டபடி அவன் குழந்தைக்குப் பின்னால் உட்கார்ந்தான்.

"எங்க? கியர் மாறிக் கிடக்கு. ரிவர்ஸ் மட்டும்தான்."

எதிரில் அமர்ந்து அவள் கையை நீட்டினாள். அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, முழு மூச்சாக உந்தி, குழந்தை பின்னோக்கி நகர்ந்து நகர்ந்து அப்பாவின் மடியில் வந்து முட்டியது.