பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு வம்சம்

2024 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் பத்தொன்பதாம் திகதி, சனிக்கிழமை. காலையில் மலைமுகட்டில் மூடுபனி. நண்பகல் வரை நல்ல வெயில். பிற்பகலில் இடியுடன் கூடிய கனமழை.

குடும்ப வரலாறு என்பது, நமக்கு முன் வாழ்ந்தோர் யாவர், அவர்கள் எங்கிருந்து வந்தனர், ஒருவருக்கொருவர் என்ன உறவு பூண்டிருந்தனர் என்பவற்றை ஆராய்ந்து எழுதுவதாகும். இவ்விளக்கத்தை எமக்குக் கற்பித்தவர் கனகாம்பிகை டீச்சர். யாழ்ப்பாணத்தவராகிய அவர் பெல்மதுளையில் தங்கியிருந்து, சனிக்கிழமைதோறும் எமது தோட்டப் பாடசாலையில் முதியோருக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்துகிறார். நான் அவ்வகுப்பின் மாணவி, பெயர் ஆரோக்கியம். தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த பின்னரே பேனையை ஏந்தினேன். எனினும், வகுப்பில் எழுத்து வரியை விட்டு வெளியே போகாதது என்னுடைய கொப்பியில் மட்டுமே என்பதை டீச்சர் பலர் முன்னிலையில் கூறியுள்ளார்.

ஆண்டிறுதிக் கட்டுரைக்கு அவர் தந்த தலைப்பு ‘எனது குடும்ப வரலாறு’ என்பதாகும். அதனைத் தொடங்கும் முறையையும் அவரே சொன்னார்.

“முதல் வீட்டுக்குள்ளை இருந்து தொடங்குங்கோ. வீட்டிலை இருக்கிற ஆக்களிட்டைக் கேளுங்கோ. பிறகு வெளியாலை போகலாம்.”

நான் வீட்டுக்குள்ளிருந்தே தொடங்கினேன். ஆனால் வீட்டிலிருந்தவரோ என் கணவர் பிலவேந்திரன். ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது அவரது தொழில். எதைக் கேட்டாலும் நேராகப் பதில் சொல்லாதிருப்பது அவரது பொழுதுபோக்கு.

“உங்க தாத்தா பேரு என்னங்க?”

“அத இந்தியாவுலயே வச்சிட்டு வந்துட்டாங்க புள்ள. பாரம் தாங்கலயாம்.”

“ஒழுங்கா சொல்லுங்க. கட்டுரை எழுதணும்.”

“எழுது. பிலவேந்திரன், அழகான ஆம்பள. மிச்சத்த மழக்காலத்துல சொல்றேன். மாணிக்கக் குழி தோண்டுறவன் கூட இப்புடித் தோண்ட மாட்டான்.”

ஆகவே, இவர் ஆராய்ச்சிக்குப் பயன்படாதவர் எனத் தீர்மானித்து வெளியே சென்றேன்.

வெளியே எனக்கு நல்ல சான்று கிடைத்தது. எங்கள் மகள் மெரினா பெல்மதுளையில் நிழற்படப்பிரதி எடுக்கும் கடையொன்றில் வேலை செய்கிறாள். எதிரே உள்ள இரும்புக்கடையில் வேலை செய்யும் வினோத்துக்கும் அவளுக்கும் திருமணம் பேசி முடிந்திருந்தது. வினோத்தின் தந்தை அந்தோனி, கொடகவெலப் பக்கத் தோட்டமொன்றில் வசிப்பவர். நிச்சயத்தன்று அவர் மகிழ்ச்சியோடு ஒரு செய்தி சொன்னார்.

“எங்க அப்பா சந்தியாகுவும் உங்க மாமனார் சின்னப்பரும் ஒரே லய வரிசையில இருந்தவங்கம்மா. பக்கத்துப் பக்கத்து வீட்டுக் காம்பரா. எங்கப்பா ‘சின்னப்பண்ணே’ம்பாராம், அவரு ‘தம்பி’ம்பாராம். அதுக்கப்புறம்தான் எங்க ஆளுங்க கொடகவெலப் பக்கம் வந்தது. நான் அப்ப கைப்புள்ள.”

“அப்புடியா மச்சான்? டீயக் குடி மச்சான், ஆறுது” என்றார் என் கணவர்.

சம்பந்தியை எடுத்த எடுப்பில் மச்சான் என்பதா? யாரும் அறியாவண்ணம் அவரது தொடையில் கிள்ளினேன்.

பின்னர் வம்சாவளிப் படம் வரைந்தேன். யார் யாரை எவ்வாறு அழைத்தனரோ, அதுவே அவர்களுடைய உறவு என்னும் விதியைக் கைக்கொண்டேன். மேலே சின்னப்பன் அண்ணன், சந்தியாகு தம்பி. இருவரையும் இணைத்து அளவுகோலால் இழுத்த ஒரு கோடு. அவர்களுக்குக் கீழே பிலவேந்திரனும் அந்தோனியும். அவர்களுக்கும் கீழே மெரினாவும் வினோத்தும். படம் அழியாதிருக்க வேண்டுமென, மெரினாவின் கடையில் பிளாஸ்டிக் உறையிடக் கொடுத்தேன். கடையில் ஆட்கள் நெரிசலாக நின்றமையால் அவள் அதை வாசிக்கவில்லை. அந்தோனி வீட்டாருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன்; கைகூப்பும் படமொன்று பதிலாக வந்தது. அவர்களும் வாசிக்கவில்லை என்பதை இப்போது அறிகிறேன்.

இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிடுதல் அவசியம். நாங்கள் வேதக்காரர், அதாவது கத்தோலிக்கர். எங்கள் வழக்கப்படி, திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் மணமக்களின் பெயரைக் கோயிலில் ஓலை வாசிப்பார்கள். தடை ஏதும் அறிந்தவர் அதைச் சாமியாரிடம் சொல்ல வேண்டும். முதல் ஓலை வாசிக்கப்பட்டுவிட்டது. இரண்டாம் ஓலை மறுநாள்.

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் வகுப்பில், தகரக் கூரைமீது மழை கொட்டிக்கொண்டிருக்க, படத்தை டீச்சரிடம் நீட்டினேன். அவர் விரலை வைத்து மேலிருந்து கீழே வாசித்தார்.

“ஆரோக்கியம் அக்கா, இந்தச் சின்னப்பனும் சந்தியாகுவும் கூடப்பிறந்த சகோதரங்களோ?”

“ஆமாங்க டீச்சர். அண்ணன் தம்பி.”

“அப்ப பிலவேந்திரன் அண்ணையும் அந்தோனியும் பெரியப்பா சித்தப்பா பிள்ளையள்.”

“ஆமாங்க” என்றேன், பெருமிதத்துடன்.

“அப்ப மெரினாவும் வினோத்தும்?”

அவருடைய விரலோடு என் கண்ணும் கீழே இறங்கியது. இறங்கிய இடத்தில் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். என் கையெழுத்தில், வரியை விட்டு வெளியே போகாமல்.

“நாளைக்கு இரண்டாம் ஓலை எண்டு சொன்னியள் எல்லோ?” என்றார் டீச்சர். பிறகு, “கூப்பிட்டதை வைச்சோ இப்பிடிக் கீறினியள்? நீங்கள் என்னைவிட மூத்தவ எண்டு நானும் உங்களை அக்கா எண்டுதான் கூப்பிடுறன். என்னையும் எங்கையேன் இதுக்குள்ளை சேர்த்துப் போட்டியளோ?” என்று படத்தின் ஓரங்களைத் தேடினார்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“அப்ப அவங்க அண்ணன் தம்பி இல்லீங்களா டீச்சர்?”

“அது எனக்கெப்படித் தெரியும்? அண்ணன் தம்பி எண்டுறதுக்கும் ஆதாரம் வேணும், இல்லை எண்டுறதுக்கும் ஆதாரம் வேணும். வாய் எல்லாரையும் அண்ணன் எண்டும். ஆர் ஆருக்கு என்ன செய்தவை எண்டு கேளுங்கோ.”

நனைந்தபடி வீடு வந்து சேர்வதற்குள் கைபேசி அலறியது. அந்தோனி.

“என்னம்மா நீங்க அனுப்புனது? எங்க வீட்டுக்காரி மல்லிகா இப்பத்தான் ஒக்காந்து வாசிச்சா. வாசிச்சதுலருந்து அழுவுறா. அண்ணன் தங்கச்சிக்கு முடிச்சுப் போடச் சொல்றீங்களா?”

“இல்லீங்க, அது வந்து...”

“நீங்கதானம்மா எழுதிருக்கீங்க! படிச்சவங்க எழுதுனத நான் எப்புடித் தப்புங்கறது? எனக்கும் அந்தக் காலத்துக் கத ஒண்ணும் தெரியாது. காலையில சாமிகிட்டச் சொல்லி ஓலைய நிறுத்திருவோம். தெளியட்டும்.”

என்னைப் படித்தவள் என்று ஒருவர் சொன்னது அதுவே முதற்தடவை. அதை அனுபவிக்க நேரம் வாய்க்கவில்லை; வாசலில் மெரினா நின்றாள். வினோத் அவளுக்குச் சொல்லிவிட்டான் என்பது முகத்திலேயே தெரிந்தது.

“அனே அம்மா, மத்தவங்க அம்மா மகளுக்கு நகை தேடுவாங்க. எங்கம்மா எனக்கு அண்ணன் தேடிக் குடுத்திருக்காங்க.”

அதைக் கேலியாகவே தொடங்கினாள். அழுகையில் முடித்தாள். குடையை மடக்காமலே அடுப்பங்கரைத் தரையில் அமர்ந்துவிட்டாள்.

என் கணவரோ தேநீரைக் குடித்துக்கொண்டு, படத்தைத் தூக்கி மின்விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லாத்தான் அடைச்சிருக்கா. உள்ள மூச்சே விட முடியல.”

எனக்கு வந்த கோபத்தில் ஒரு சொல் சொல்லியிருப்பேன். ஆனால் டீச்சரின் சொல் முந்திக்கொண்டது. வீட்டுக்குள்ளிருந்து தொடங்குங்கோ. வீட்டில் இருந்தவரைத் தாண்டியல்லவா நான் வெளியே போனேன்?

“ஏங்க, அந்தச் சந்தியாகு உங்க வீட்டுக்கு என்ன செஞ்சாரு?”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். வழக்கமான பகிடி வரவில்லை.

“கோடி போட்டாரு.”

கோடி என்பது புதுத்துணி. ஒரு பெண் இறந்தால், அவளுடைய பிறந்த வீட்டார் அதைக் கொண்டுவந்து அவள்மீது போர்த்துவர். கணவனின் அண்ணன் தம்பிமார் ஒருபோதும் அதைப் போடலாகாது. வேதத்தில் சேர்ந்த பின்னும் எம்மவர் இவ்வழக்கத்தைக் கைவிடவில்லை.

“எங்கம்மா லூர்தம்மா செத்தப்ப நான் சின்னப் பய. அம்மாகூடப் பொறந்தவங்க எல்லாரும் அதுக்கு முன்னாடியே கப்பலேறி இந்தியா போயிட்டாங்க. பொறந்த வீட்டுக் கோடி விழாம பொணத்தத் தூக்கக் கூடாதுன்னு பெரியாளுங்க நிக்கிறாங்க. அப்பா தலையில கைய வச்சிட்டு ஒக்காந்திருக்காரு. சந்தியாகு எந்திரிச்சி, ‘நான் போடுறேன்’னாரு.”

மெரினா நிமிர்ந்து பார்த்தாள்.

“ஆனா பொறந்த வீட்டுக்காரன் வெளியலருந்துல்ல வரணும்? இவரு இருக்குறது அடுத்த காம்பரா. நடுவுல செவுரு ஒண்ணுதான். அதனால கீழ கொழுந்து நிறுக்குற மடுவத்துக்கு எறங்கிப் போயி, தப்புக்காரங்களச் சேத்துக்கிட்டு, வெள்ளச் சேலயத் தலையில வச்சு, எங்கயோ தூரத்து ஊருலருந்து வாற மாதிரி அழுதுகிட்டே ஏறி வாறாரு. நான் வாசல்ல நின்னு பாக்குறேன். காலையில எங்க வீட்டுல டீ குடிச்ச ஆளு, எதுக்கு ஊருலருந்து வாறாருன்னு எனக்குப் புரியல. அப்பா எந்திரிச்சிப் போயி, ‘வாங்க மச்சான்’னு கையப் புடிச்சாரு. அது வரைக்கும் தம்பின்னு கூப்புட்டவரு. அன்னையிலருந்து எனக்கு அவரு மாமன்.”

“அப்ப அந்தோனி?”

“மச்சான். நான் சொன்னேன்ல? நீதான கிள்ளுன.”

“இத ஏங்க மொதல்லயே சொல்லல?”

“நீ தாத்தா பேருதான கேட்ட.”

மெரினா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ரத்தச் சொந்தம் இருக்காப்பா? சாமி கேப்பாரு” என்றாள்.

“ஒரு சொட்டு கெடையாது. அவங்க ஆளுங்க திருச்சிப் பக்கம், எங்கம்மா ஆளுங்க ராம்நாடு. மொறைக்கும் சரி, கோயிலுக்கும் சரி. வினோத்து ஒனக்கு மொற மாப்புளதான்.”

கைபேசியை நான் எடுக்குமுன் அவரே எடுத்தார். இம்முறை, “மச்சான், நான் பிலவேந்திரன் பேசுறேன்” என்று அவர் தொடங்கியபோது நான் கிள்ளவில்லை. கதை முழுவதையும் அந்தோனி கேட்டார். பிறகு அவர் சொன்னது ஒலிபெருக்கியில் எங்களுக்கும் கேட்டது.

“எங்கப்பா சாகுற வரைக்கும் கல்லறைத் திருநாளுக்கு ஒரு மெழுகுவத்தி தனியா கொளுத்துவாரு. யாருக்குப்பான்னா, ‘லூர்தம்மா, எங்கூடப் பொறந்தது’ம்பாரு. அத்தை ஒண்ணு செத்துப் போச்சுன்னு இத்தன நாளும் நெனச்சிகிட்டிருந்தேன். அப்ப நெசமாவே கூடப் பொறந்தது இல்லையா?”

“இல்ல மச்சான். மடுவத்துலருந்து ஏறி வந்தது.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது. பிறகு, “ஹரி, சரி மச்சான். ஓலை வாசிக்கட்டும். மல்லிகாகிட்ட நான் சொல்லிக்கிறேன். ஆனா தங்கச்சிகிட்டச் சொல்லுங்க, இனிமே எதையும் பிளாஸ்டிக்குல போடுறதுக்கு முன்னாடி ஒருக்கா கேக்கச் சொல்லி” என்றார் அந்தோனி.

பிளாஸ்டிக் உறையின்மேல் அழிப்பான் வேலை செய்யாது. ஆகவே மெரினாவின் கடை மார்க்கர் பேனையால் அண்ணன் தம்பிக் கோட்டைக் குறுக்கே வெட்டிவிட்டு, சின்னப்பன் அருகே என் மாமியார் லூர்தம்மாவின் பெயரை எழுதி, அதிலிருந்து சந்தியாகுவுக்கு ஒரு புதிய கோடு இழுத்தேன். அளவுகோல் கைக்கெட்டவில்லை, கோடு சற்று வளைந்து போயிற்று. அதன்மேல் ‘கோடி போட்டவர்’ என எழுதினேன். வேறொன்று புதிதாக உறையிட்டுத் தருவதாக மெரினா சொன்னாள்.

“இந்தத் தடவ எனக்குப் பக்கத்துல மூச்சு விட ஒரு ஓட்ட போட்டு வை” என்றார் அவளுடைய தந்தை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மழை விட்டிருந்தது. பூசையின் முடிவில் சாமியார் இரண்டாம் ஓலையை வாசித்தார். சின்னப்பன் லூர்தம்மா தம்பதியரின் பேத்தி, பிலவேந்திரனின் மகள் மெரினா. சந்தியாகுவின் பேரன், அந்தோனியின் மகன் வினோத். தடை அறிந்தவர் அறிவிக்கலாம் என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கோயில் முழுவதும் அமைதி. அவ்வேளையில் என் கணவர் வேண்டுமென்றே ஒருமுறை தொண்டையைச் செருமினார்.

எல்லாத் தலைகளும் திரும்பின. மெரினா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். நிச்சயத்தன்று கிள்ளிய அதே இடத்தில் நான் மீண்டும் கிள்ளினேன். அவர் “இருமல் சாமி, இருமல்” என்றார். சாமியார் புன்னகைத்தவாறே ஓலையை மடித்து வைத்தார். அப்போது கோயில் சுவர்க் கடிகாரத்தில் மணி காலை எட்டு நாற்பத்தேழு.