பதினாலாம் பூத்

ஏழாவது மேஜையில் பதினாலாம் பூத்தின் இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் இருந்த ரொசாரியோ நிமிர்ந்து உட்கார்ந்தான். அது அவன் பூத். தோங்கர்வாடா மலையடிவாரத்தில் தினமும் காலையில் அவன் சைக்கிளில் போய் ரொட்டி போடும் வீடுகள் எல்லாம் ஓட்டுப் போட்ட பூத்.

மட்காவ் கல்லூரி மண்டபத்தில் சாந்தோலி தொகுதியின் வாக்குகள் எண்ணப்பட்டுக்கொண்டிருந்தன. முதல் சுற்று முடிந்தபோது காயெத்தான் இருநூற்றுப் பத்து ஓட்டு முன்னால் இருந்தார். மூன்று முறை எம்.எல்.ஏ. நங்கூரம் சின்னம். அவருக்கு அடுத்து இவோன், சுயேச்சை, அன்னாசிப்பழம் சின்னம், ரொசாரியோவின் மனைவி. அவளுடைய ஏஜென்ட் ரொசாரியோதான்.

இவோனுக்குத் தேர்தலில் நிற்கும் ஆசை பிறவியிலேயே வந்ததில்லை. மலையைச் சரித்து மாளிகை வீடுகள் கட்டக் காயெத்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் என்று தெரிந்த நாளில்தான் வந்தது. மலை போனால் அடிவாரத்தில் ஒரு கிணறும் மிஞ்சாது. மனு கொடுத்தாள், மறியல் செய்தாள், கடைசியில் வேட்புமனுவும் கொடுத்தாள். அவள் ஜெயித்தால் மலை நிற்கும். தோற்றால் அடுத்த வாரமே வெட்டத் தொடங்கிவிடுவார்கள். தொகுதியில் எல்லோருக்கும் இது தெரியும்.

"என்ன பொதேர், அடுப்பை அணைச்சுட்டு வந்தியா?" பக்கத்து நாற்காலியிலிருந்து மெனினோ கேட்டான். அந்த ஊரில் ரொட்டிக்காரனைப் பொதேர் என்றுதான் கூப்பிடுவார்கள். காயெத்தானின் ஏஜென்ட். ரொசாரியோவின் தெருக்காரன்தான், தினமும் ஆறு உருண்டையான உண்டே ரொட்டி வாங்குகிறவன். "இன்னைக்குக் கருகப்போறது ரொட்டி இல்ல, அன்னாசி."

"உன் நங்கூரத்தை முதல்ல தண்ணியிலிருந்து தூக்கு."

"தூக்கியாச்சுப்பா. இருநூத்திப் பத்து."

ரொசாரியோ சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்தான். வாக்குப்பதிவு முடிந்த மாலை, பூத் அதிகாரி கையெழுத்திட்டு ஏஜென்டுகளுக்குக் கொடுத்த கணக்குத் தாள். பதிவான மொத்த வாக்குகள்: 612.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த ஊழியர் முத்திரையைக் காட்டினார், கிழித்தார், பொத்தானை அழுத்தினார். சிறு திரையில் மொத்த எண்ணிக்கை மின்னியது.

662.

ரொசாரியோ தாளைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். ஊழியரின் விரல் முடிவுப் பொத்தானுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"சார், நில்லுங்க! அழுத்தாதீங்க!"

அவன் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. அப்படிச் சத்தம் போடுகிறவன் இல்லை அவன்.

"என் தாள்ல அறுநூத்திப் பன்னெண்டுதான் இருக்கு. இதுல அம்பது கூட இருக்கே?"

"எழுதுனவர் தப்பா எழுதியிருப்பாரு," என்றான் மெனினோ உடனே. "மெஷின் பொய் சொல்லுமா? அழுத்துங்க சார்."

ஊழியர் அழுத்தவில்லை. தேர்தல் அதிகாரி காந்தேபார்க்கர் மேடத்தைக் கூப்பிட்டார். அவள் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு தன் கோப்பில் இருந்த தாளையும் ரொசாரியோவின் தாளையும் ஒப்பிட்டாள். இரண்டும் 612. ஓட்டுப் போட வந்தவர்கள் கையெழுத்திட்ட பதிவேட்டிலும் 612.

"சரியா அம்பது," என்றாள் அவள். "அன்னைக்குக் காலையில சோதனைக்குப் போட்ட 'மாதிரி ஓட்டை' அழிக்காமலே வாக்குப்பதிவை ஆரம்பிச்சிருக்காங்க."

வாக்குப்பதிவு நாளில், வெளியே வரிசை நிற்கத் தொடங்கும் முன், ஏஜென்டுகள் முன்னிலையில் ஐம்பது ஓட்டு அழுத்திப் பார்ப்பார்கள். பிறகு அழித்துவிட்டு, ஓட்டுக்கு ஒன்றாக அச்சாகி விழுந்த சோதனைச் சீட்டுகளைக் கறுப்பு உறையில் போட்டு ஒட்டிவிடுவார்கள். பதினாலாம் பூத்தில் சீட்டுகளை உறையில் போட்டிருக்கிறார்கள். இயந்திரத்தை அழிக்க மறந்துவிட்டார்கள்.

"அன்னைக்குக் காலையில பூத்துல யார் யாரு இருந்தீங்க?" மேடம் மாதிரி ஓட்டுச் சான்றிதழைப் புரட்டினாள். "மெனினோ கையெழுத்து இருக்கு. ரொசாரியோ, உங்க கையெழுத்து இல்லையே?"

ரொசாரியோவின் காது சூடானது. வேட்பாளர்களுக்கான வரிசையிலிருந்து இவோன் எழுந்து வந்துகொண்டிருந்தாள்.

"அவன் எங்க இருந்தான்?" மெனினோ சிரித்தான். "அவன் ரொட்டி சுட்டுக்கிட்டிருந்தான் மேடம். கால் மணி நேரம் காத்திருந்து பாத்தாங்க, வரல. நானும் எங்க ஆளும்தான் மாதிரி ஓட்டு போட்டோம். எதிர்த்துக் கேக்க ஆளில்லாததால மனசார நங்கூரத்துலயே அழுத்தித் தள்ளினோம்!" சொல்லி முடித்த பிறகுதான் அவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"அப்ப இந்த மெஷின் தனியா இருக்கட்டும்," என்றாள் மேடம். "எல்லாச் சுற்றும் முடியட்டும். வித்தியாசம் இந்த பூத் ஓட்டை விடக் குறைவா இருந்தா, இதோட காகிதச் சீட்டை எண்ணுவோம். அதிகமா இருந்தா இது தேவையே இல்ல."

இயந்திரத்தைப் பெட்டியில் வைத்து மேடையின் ஓரத்துக்குக் கொண்டுபோனார்கள்.

இவோன் கம்பி வலை ஓரத்தில் நின்று கணவனைப் பார்த்தாள். "அஞ்சரைக்கே பூத்துக்குப் போயிட்டேன்னு சொன்னியே?"

"போகல."

"ஏன்?"

"ஓட்டுப் போடப் போறவங்க வெறும் வயித்தோட போகக்கூடாதுன்னு நினைச்சேன். பாதி தெருவுக்குப் போட்டுட்டேன், மீதித் தெருவை எப்படி விடறது? நான் போய்ச் சேர்ந்தப்போ ஆறே முக்கால். எல்லாம் முடிஞ்சிருந்தது."

"ஒரு மாசமா என்கிட்ட சொல்லல."

"சொல்ல வாய் வரல, இவோன்."

அவள் பதில் சொல்லாமல் தன் இடத்துக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். பன்னிரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் கத்தியிருக்கிறாள், தட்டை ஓங்கி வைத்திருக்கிறாள், மாதா கோயிலுக்குத் தனியாகப் போயிருக்கிறாள். பேசாமல் முதுகைக் காட்டியது இதுதான் முதல் தடவை. ரொசாரியோவுக்கு மண்டபமே சிறுத்துப்போனது போல இருந்தது.

மூன்றாவது சுற்றில் கடற்கரைப் பக்கத்து பூத்துகள் வந்தன. வலை இழுக்கிறவர்களின் ஓட்டு இவோனுக்குக் கொட்டியது. வித்தியாசம் நூற்றெண்பது. நான்காவதில் நூற்று இருபது. ஐந்தாவதில் சந்தைத் தெரு வந்து மறுபடியும் இருநூறாக ஏறியது. மெனினோ வெளியே போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்து, ரொசாரியோவின் தோளைத் தட்டினான். "கவலைப்படாத. நாளைக்கும் உன்கிட்டதான் ரொட்டி வாங்குவேன்."

ரொசாரியோ தாளை மறுபடி நான்காக மடித்துப் பைக்குள் வைத்தான். மனதுக்குள் தோங்கர்வாடாவின் வீடுகளை வரிசையாக நினைத்துக்கொண்டிருந்தான். மெனினோவின் சொந்தக்காரர்கள் ஒரு வரிசை முழுக்க இருக்கிறார்கள். காயெத்தான் வேலை வாங்கிக் கொடுத்த வீடுகள் ஒரு சந்து முழுக்க. மலையடி பூத்தானாலும் அது இவோனுக்கு எழுதி வைத்த பூத் இல்லை.

ஆறாவது சுற்று கடைசி. பலகையில் எண்களை எழுதிய பெண் சுண்ணக்கட்டியை உடைத்துவிட்டாள், அவ்வளவு அவசரம்.

காயெத்தான் முன்னிலை: 31.

பதினாலாம் பூத்தில் 612 ஓட்டு. மண்டபத்தில் இருந்த எல்லோரும் மேடை ஓரத்துப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சீட்டு எண்ணும் கூண்டு வங்கிக் காசாளரின் கூண்டு மாதிரி மூன்று பக்கமும் கம்பி வலை அடித்தது. உள்ளே சின்னத்துக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன அறைகள் கொண்ட மரத்தட்டு. மேடம் முதலில் ஒட்டியிருந்த கறுப்பு உறையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டித் தள்ளி வைத்தாள். பிறகு சீட்டுப் பெட்டியைத் திறந்தாள்.

"ஒவ்வொரு சீட்டையும் உங்க கண்ணுக்குக் காட்டித்தான் போடுவாங்க. யாரும் வலையைத் தொடாதீங்க."

நங்கூரம். அன்னாசி. அன்னாசி. நங்கூரம். வேறொரு சுயேச்சையின் குடை. அன்னாசி.

இவோன் எப்போது அருகில் வந்து நின்றாள் என்று ரொசாரியோவுக்குத் தெரியவில்லை. அவள் தோள் அவன் தோளில் இடித்தது. விலகவில்லை.

"கோபமா?" என்றான் மெதுவாக.

"வாயை மூடு. எண்ணிக்கை விட்டுப்போகுது."

"தோத்தா என்னாலதான்."

"நீ பசியோட யாரையும் விடமாட்டேன்னு தெரிஞ்சுதான் உன்னைக் கட்டிக்கிட்டேன்." அவள் கண் வலையை விட்டு நகரவில்லை. "ஆனா வீட்டுக்கு வா, பொய் சொன்னதுக்குத் தனியா இருக்கு."

இருபத்தைந்து சீட்டுக்கு ஒரு கட்டாக ரப்பர் வளையம் போட்டு அடுக்கினார்கள். நங்கூரத்தில் பத்துக் கட்டு. அன்னாசியிலும் பத்து. மெனினோ விரலை மடக்கி மடக்கி எண்ணினான். நங்கூரத்தின் பதினோராவது கட்டு நிறையவில்லை. பதினொரு சீட்டோடு நின்றது. அன்னாசியில் பதினொன்று நிறைந்தது. பன்னிரண்டும் நிறைந்தது. பிறகும் ஒரே ஒரு சீட்டு மிச்சம்.

நங்கூரம் 261. அன்னாசி 301. மற்றவை 50.

"நாப்பது!" ரொசாரியோ கத்தினான். "இவோன், நாப்பது அதிகம்!"

"முப்பத்தொண்ணு போக…" அவளுக்குக் கணக்கு வரவில்லை. கல்லூரியில் கணக்குப் பாடம் எடுத்தவள் அவள். "முப்பத்தொண்ணு போக எவ்வளவுடா?"

"ஒம்போது!"

"மறுபடி எண்ணணும்!" காயெத்தானே எழுந்து வந்துவிட்டார். முகம் வியர்த்திருந்தது. மேடம் மறுபடி எண்ணச் சொன்னாள். ஒவ்வொரு கட்டையும் பிரித்து, ஒவ்வொரு சீட்டையும் மறுபடி வெளிச்சத்தில் காட்டி எண்ணினார்கள். 261. 301.

காயெத்தான் நெடுமூச்சு விட்டார். பிறகு மெனினோவின் பக்கம் திரும்பினார். "அன்னைக்குக் காலையில நீங்க ரெண்டு பேரும் நங்கூரத்துல எத்தனை அழுத்தினீங்க?"

"முப்பத்திரெண்டு, பாப்," என்றான் மெனினோ மரியாதையாக.

"அன்னாசில?"

"பாவம்னு மூணு."

"அந்த அம்பதையும் சேர்த்து எண்ணியிருந்தா நான் இருபது ஓட்டுல எம்.எல்.ஏ." அவர் தலையை ஆட்டினார். "நீ வாயைத் திறந்து சொல்லலைன்னாலும் இந்த ரொட்டிக்காரன் விட்டிருக்க மாட்டான்." இவோனிடம் கையை நீட்டினார். அவளும் குலுக்கினாள். அந்த மட்டில் அவர் பெரிய மனிதர்தான்.

மேடம் வெற்றிச் சான்றிதழை வாசித்தபோது வெளியே யாரோ முதல் வெடியைக் கொளுத்திவிட்டார்கள்.

மதியத்துக்கு மேல் திறந்த லாரி தோங்கர்வாடாவுக்குள் நுழைந்தது. குருசடியில் பேண்டு வாத்தியக்காரர்கள் ஏற்கெனவே காத்திருந்தார்கள். செம்பொடி எல்லோர் தலையிலும். மலையைப் பார்த்து நின்ற பலகணிகளில் எல்லாம் பெண்கள் துப்பட்டாவையும் மேஜை விரிப்பையும் வீசினார்கள். இவோனுக்கு வழியெல்லாம் கத்திக் குரல் போய்விட்டிருந்தது.

"பேசுங்க, எம்.எல்.ஏ. மேடம், பேசுங்க!"

அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டி, ரொசாரியோவை முன்னால் தள்ளினாள். மைக்கைப் பிடித்தே பழக்கமில்லாதவன். கூட்டம் சிரித்தது.

"எனக்குப் பேசத் தெரியாது," என்றான். "ஒம்போது ஓட்டுல ஜெயிச்சோம். அந்த ஒம்போது பேருக்கு நன்றி சொல்லணும். யாருன்னு தெரிஞ்சா…"

"நான்தான்!" கூட்டத்தின் நடுவிலிருந்து மீன்காரி சாந்தானா கையைத் தூக்கினாள். "கால் வீங்கியிருந்தது, நொண்டிக்கிட்டே போய்ப் போட்டேன்! நான்தான் ஒம்போதாவது!"

"போடி, நான்தான் அது! கல்யாண வீட்டை விட்டுட்டு வந்தேன்!"

"கப்பல்ல லீவு போட்டு வந்தவன் நான்! என்னை எண்ணலையா?"

முப்பது கைகள் உயர்ந்தன. பிறகு நூறு. பேண்டுக்காரர்களில் ஒருவர் எக்காளத்தை இறக்கிவிட்டுத் தன் கையையும் தூக்கினார். இவோன் சிரித்துச் சிரித்து லாரியின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

மாடியில், மெனினோ வீட்டுப் பலகணியில், அவனும் அவன் மனைவி கித்தேரியாவும் நின்றிருந்தார்கள். அவள் ஒருமுறை கணவனைப் பார்த்தாள், ஒருமுறை மலையைப் பார்த்தாள். பிறகு அவளும் கையைத் தூக்கினாள்.

மெனினோ அவளை முறைத்தான். அவள் கையை இறக்கவில்லை; இன்னொரு கையையும் தூக்கினாள்.

தெரு முழுவதும் ஒரே சத்தமாக ஆர்ப்பரித்தது. ரொசாரியோ மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான். "பத்து!" என்று கத்தினான்.