தேர் வராத தெரு

எங்கள் பேரூராட்சி மன்றத்தில் பதினைந்து நாற்காலிகள். கதவோரமாக, ஃபேன் காற்று எட்டாத ஒன்றில்தான் நான் உட்கார வேண்டும். அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. ஜெயித்து வந்த முதல் நாள் மற்ற பதினாலிலும் ஆள் நிரம்பியிருந்தது, அன்றிலிருந்து அப்படித்தான். பதினோராவது வார்டு கவுன்சிலர் செங்கமலம் நான். அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் சிமெண்ட் ஆலையில் கான்ட்ராக்ட் கூலி. மிஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. மெதுவாகப் பேசு என்றால் எனக்கு வராது.

அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. எங்கள் பள்ளிக்கூடத் தெருவில் பெயர்த்தெடுத்த ஸ்பீடு பிரேக்கரைத் திரும்பப் போட வேண்டும். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. பங்குனியில் அதைப் பெயர்த்தார்கள். பதினெட்டாவது நாள் ஒரு குவாரி டிப்பர் கலைமணியின் மகள் சத்யப்பிரியாவின் வலது பாதத்தில் ஏறிவிட்டது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை. திருச்சிக்குக் கொண்டுபோய்ப் பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

“மேடு போடாம எம்புள்ளய அனுப்ப மாட்டேன்க்கா. வூட்டுலயே கெடக்கட்டும்” என்று கலைமணி சொல்லிவிட்டாள். தெருவில் பாதி வீடு அதையே சொன்னது. அன்று அவளும் என்னோடு வந்து, கீழே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

பஸ் ஸ்டாண்டு விளக்கு, சந்தைக்குக் கழிப்பறை, எல்லாம் கடகடவென்று நிறைவேறின. என்னுடையது கடைசி. செயல் அலுவலர் இளவரசன் சார் அதை வாசித்து முடிக்கும் முன்பே நாலாவது வார்டு பஞ்சநாதன் எழுந்துவிட்டார். அவர் தம்பிக்கு மூன்று டிப்பர் ஓடுகிறது.

“லோடு வண்டி அந்த மேட்டுல ஏறி எறங்குனா ஸ்பிரிங் பிளேட்டு கட்டாவுது. புள்ளைங்கள ஓரமாப் போவச் சொன்னா ஆச்சு. இதுக்கெல்லாம் ஒரு தீர்மானமா?”

“பிளேட்டு கட்டானா மாத்திக்கலாம். கால மாத்த முடியுமா?” என்றேன். “உங்க வூட்டுப் புள்ள காலா இருந்தா இப்படிப் பேசுவீங்களா?”

நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். தலைவர் ராஜராஜன் மேசையைத் தட்டினார். மற்ற கவுன்சிலர்களுக்கு அவர் ‘அண்ணே’ போடுவார், ‘தம்பி’ போடுவார். எனக்கு மட்டும் எப்போதும் ‘ந்தா’ தான்.

“ந்தா, உக்காரு. எடுத்தது சும்மா எடுக்கல. எதுக்கு எடுத்தோம்னு படிங்க சார்.”

இளவரசன் சார் ஃபைலைப் புரட்டி வாசித்தார். “தேர்த் திருவிழாவை முன்னிட்டு, திருத்தேர் தடையின்றிச் செல்லும் பொருட்டு, வேகத்தடைகள் அகற்றப்பட்டன.”

“கேட்டியா? சாமி காரியம்” என்றார் தலைவர். “வருசா வருசம் போடுறதும் பேக்குறதுமா இதே பொழப்பா எங்களுக்கு?”

எனக்குச் சுருக்கென்றது. தேர் ஓடுவது கோயிலைச் சுற்றி நாலே நாலு தெரு. அங்கே பெயர்த்த பிரேக்கரை எல்லாம் தேர் நிலைக்கு வந்த மறுவாரமே திரும்பப் போட்டுவிட்டார்கள். எங்கள் தெரு ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம். நினைவு தெரிந்து அங்கே தேர் வந்ததில்லை. வரவும் விட மாட்டார்கள், நாங்கள் போய் வடத்தில் கை வைக்கவும் விட மாட்டார்கள்.

“சார், அத இன்னொரு தடவ படிங்க.”

படித்தார்.

“தேர் போறதுக்குத்தான எடுத்தீங்க? அப்ப எங்க தெரு தேர் போற தெரு. அத அப்படியே தீர்மானப் புத்தகத்துல எழுதுங்க. வர்ற பங்குனிக்கு நாங்க வாசத் தெளிச்சு, கோலம் போட்டு, தேங்கா பழத்தோட நிக்கிறோம். தேர ஏரிக்கரத் தாண்டிக் கொண்டாங்க.”

பஞ்சநாதன் எழுந்த வேகத்தில் அவர் நாற்காலி பின்னால் விழுந்தது.

“என்னடி பேசுற?”

“யார டீங்குற? நீ நாலாவது வார்டு, நான் பதினோராவது வார்டு. வாய அடக்கிப் பேசு” என்றேன். “தலைவரே, ரெண்டுல ஒண்ணு. எங்க தெருவுல தேர் வரும்னு எழுதுங்க. இல்ல, தேர் வராத தெருவுல எதுக்குப் பேத்தீங்கன்னு எழுதுங்க. எத எழுதுனாலும் கலெக்டர் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போறேன்.”

தலைவரைச் சுற்றி ஆறேழு பேர் குனிந்து குசுகுசுத்தார்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. இளவரசன் சார் எழுதிக்கொண்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் வாசித்தார்.

“பள்ளிக்கூடத் தெரு தேர்ப் பாதையில் அடங்காது என்பதாலும், எக்காலத்திலும் திருத்தேர் அவ்வழியே செல்லாது என்பதாலும், அங்கிருந்த வேகத்தடை தவறுதலாக அகற்றப்பட்டது. அதை ஞாயிற்றுக்கிழமைக்குள் மீண்டும் அமைக்க மன்றம் ஏகமனதாகத் தீர்மானிக்கிறது.”

அடப்பாவிகளா! ஒரு குழந்தையின் பாதம் போய் ரெண்டு மாசமாக மனுக்குமேல் மனு கொடுத்தேன், ஒருத்தன் அசையவில்லை. தேர் வந்துவிடுமோ என்றதும் ஐந்தே நிமிஷத்தில் ஏகமனது.

“முதல் வரிய எடுங்க” என்றேன்.

“அந்த வரி இல்லன்னா தீர்மானமே இல்லைங்க” என்றார் தலைவர். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு ஒரு ‘ங்க’. “ஏகமனசுன்னா எல்லாரும் போடணும். கையெழுத்துப் போடுங்கம்மா.”

பேனாவை நீட்டினார். பதினாலு பேரும் போட்டிருந்தார்கள். கிழித்து அவர்கள் மூஞ்சியில் எறியலாம் என்று கை துறுதுறுத்தது. கிழித்தால் திங்கட்கிழமை டிப்பர் நிற்காது. எங்கள் தெருவுக்குத் தேர் வராது என்று நானே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

கீழே இறங்கி வந்து கலைமணியிடம் நடந்ததைச் சொன்னேன். ஆத்திரத்தில் வார்த்தை குழறியது. “என் கையாலயே எழுத வெச்சுட்டானுவோடி. செருப்பால அடிச்ச மாதிரி இருக்கு.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

“எக்காலத்திலும்னா எழுதியிருக்கானுவோ?”

“ஆமா.”

“அப்ப தேரு கீருன்னு சொல்லி இனிமே ஒருத்தன் அந்த மேட்டுல கடப்பாறய வெக்க முடியுமாக்கா?”

எனக்கு அது தோன்றவே இல்லை.

“நகல் வாங்கியாச்சா?” என்றாள்.

திரும்ப மாடியேறினேன். உள்ளே டீ ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சநாதன் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் நேராக இளவரசன் சாரின் மேசைக்குப் போனேன்.

“இப்பப் போட்ட தீர்மானத்துக்கு நகல் குடுங்க சார். சீல் குத்தி.”

“இப்ப எதுக்குங்க நகல்?” என்றார் தலைவர்.

“கண்ணாடி போட்டுப் பள்ளிக்கூடச் சுவத்துல மாட்டப் போறேன். பதினஞ்சு கையெழுத்தும் தெரியுற மாதிரி. புள்ளைங்க படிக்கட்டும்.”

சிரிப்பு நின்றது. சீல் கட்டையை எடுத்த இளவரசன் சார் கையை அப்படியே வைத்துக்கொண்டு தலைவரைப் பார்த்தார்.

“குத்துங்க சார்” என்றேன்.