கல்லறைப் பலகை

நாயகனைச் சட்டைக்குள் வைத்துத் தைத்து அனுப்புவதுதான் தச்சன் பெண்டாட்டியின் வேலை. ஊர் ஊராகப் போய் ஆடுகிற பாலே குழு அது. ஆட்டத்தில் எகிறிக் குதிக்கிறபோது கொக்கியெல்லாம் தெறித்துவிடும். அதனால் ஆள் சட்டையை மாட்டியதும் முதுகுப் பக்கத்தை நூலால் தைத்தே மூடுவாள். முடிச்சு போட்டதும் குனிந்து, அவன் பிடரியோரம் நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள்.

அந்தக் கடிதான் தச்சனுக்கு வயிற்றெரிச்சல். கத்தரி வாங்கிக் கொடுத்துப் பார்த்தான். அவசரத்துக்குப் பல்தான் தோது என்றுவிட்டாள். அக்கா அக்கா என்று கூப்பிடுகிற பிள்ளையைப் பார்த்து என்ன பொறாமை என்று சிரிக்க வேறு செய்தாள். வாயால் கூப்பிட்டால் ஆயிற்றா என்று இவன் உள்ளுக்குள் கறுவினான். லாரியில் சாமான் ஏற்றுகிற கூட்டாளி சும்மா இருப்பானா?

“அண்ணே, மதினி கடிச்சு விட்டாத்தான் அவருக்குக் காலே எழும்புது போல.”

பகையாளி வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் காதலித்துச் சாகிற பழைய கதை அது. கடைசியில் நாயகன் விஷம் குடித்துக் கல்லறைப் பலகையில் மல்லாந்து விழுவான். திரை இறங்குகிறவரை அசையக் கூடாது. இந்த ஊரில் சாமான் இறக்கும்போது பலகை விழுந்து பிளந்துவிட்டது. தச்சன் புதுசு அடித்தான். மேலே சாம்பல் வர்ணம் பூசினான். வழவழப்பாக்குகிற இழைப்புளியை மட்டும் தொடவில்லை. சிராய் குத்தித் துள்ளட்டும் பயல், சபை சிரிக்கட்டும்.

மதிய ஆட்டத்தில் நாயகன் விழுந்தான். தச்சன் திரையோரம் நின்று பார்த்தான். நாயகியும் வந்து அவன் மேல் விழுந்து செத்தாள். கீழே கிடந்தவன் அசையவே இல்லை. சபையில் மூக்கு உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

உடுப்பு அறையில் தச்சன் பெண்டாட்டி தையலைப் பிரித்தால் முதுகெல்லாம் சிராய். நாயகனை நாற்காலியில் திருப்பி உட்காரவைத்து, தச்சனை விளக்குப் பிடிக்கச் சொன்னாள். ஊசியால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தாள்.

“இத்தனை ஏறியிருக்கு, இமைகூட ஆடலை பாருங்க. மனுஷன்னா இவரு.”

அந்தச் சொல் தச்சன் நெஞ்சில் போய்த் தைத்தது.

“அண்ணனை ஒண்ணும் சொல்லாதீங்கக்கா. பாவம், அவசரத்துல அடிச்சது” என்றான் நாயகன்.

அவள் கை நின்றது. எடுத்த சிராயை விரலிடுக்கில் உருட்டினாள். தச்சன் எவ்வளவு அவசரத்திலும் இழைக்காமல் ஒரு பலகையை விட்டவனில்லை என்பது அவளுக்குத் தெரியாதா? நிமிர்ந்து புருஷன் முகத்தைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

தச்சன் உள்ளங்கையில் ஏறாத சிராயா? அதை எடுக்க ஒருநாளும் அவள் விளக்குக் கேட்டதில்லை. இவனும் கையை நீட்டியதில்லை.

“சாயங்கால ஆட்டத்துக்கு முன்னாடி இழைச்சுடுங்க” என்றாள், மறுபடி குனிந்துகொண்டே. “இப்போ கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க நிழல் அவர் முதுகுல விழுது.”

தள்ளி நின்றான்.