கொல்லையில் விழுந்த கோடு

"கையெழுத்துப் போட்டது யாரு, அக்கா? நானா? உன் கைதானே?"

"படிச்சுக் காட்டினது யாருடா? உன் வாய்தானே?"

கொல்லையில் வரிசையாக நட்ட குச்சிகளுக்கு இந்தப் பக்கம் தையல்காரி, அந்தப் பக்கம் அவள் தம்பி. நடுவில் சுண்ணாம்புக் கோடு. துணி உலர்த்துகிற சாக்கில் அக்கம்பக்கத்து மாடிகள் நிறைந்துவிட்டன. காலையிலேயே உலர்ந்த துணியெல்லாம் மறுபடி உலர்ந்தது.

வீடு வாங்கி நாற்பது நாள்கூட ஆகவில்லை. மாளிகை ஒன்றும் இல்லை. இரண்டு அறை, ஒருவர் நுழைந்தால் இன்னொருவர் வெளியேற வேண்டிய சமையலறை, மழை வந்தால் முதலில் இவர்களுக்குச் சேதி சொல்கிற கூரை. ஆனால் பின்னால் மனை கிடந்தது பாருங்கள், வீட்டைப் போல மூன்று மடங்கு! அதில்தான் அவள் விழுந்தாள். பதினேழு வருஷமாக வாடகை வீட்டுக் கட்டிலோரம் மெஷினைப் போட்டுப் பள்ளிச் சீருடை தைத்தவள். கொல்லையில் ஒரு கொட்டகை, நாலு மெஷின், துணி வெட்ட நீளமாய் ஒரு மேஜை. ஜன்னல் எந்தத் திசையில் என்பதுவரை மனசுக்குள் கட்டி முடித்திருந்தாள்.

வீட்டைக் காட்டியவன் தம்பிதான். தொழிலே வீட்டுத் தரகு. "பழைய வீடுக்கா, அதான் விலை கம்மி" என்றான். அவளோ யார் அளவையும் நம்பாதவள். அளவுச் சட்டையே கொண்டுவந்து கொடுத்தாலும், ஆளை நிற்கவைத்து மறுபடி டேப் பிடிப்பாள். இந்த வீட்டிலும் கதவு, ஜன்னல், அலமாரி என்று அங்குலம் பிசகாமல் அளந்தாள். மனையை மட்டும் தம்பி காலடி வைத்து எண்ணிச் சொன்னான், தலையாட்டினாள். பத்திரம் பதிகிற அன்று மூக்குக்கண்ணாடியை மறந்து வந்திருந்தாள். அதையும் அவனே வாசித்தான். கூடப்பிறந்தவன் வாசிக்கும்போது கண்ணாடி எதற்கு? எல்லை சொல்கிற இடத்தில் அவன் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினான்.

இன்று ஆட்கள் வந்து குச்சி நட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மனையில் பின்பாதி அவன் மாமனார் பெயரில்; மிச்சத்தில் அவள் கொட்டகை அடங்காது.

"முழுசா வாங்க உன்னால முடிஞ்சிருக்குமா? பாதியை நாங்க எடுத்ததாலதான் உனக்குத் தலைக்கு மேல ஒரு கூரை. எனக்கு நீ நன்றி சொல்லணும்."

"ஒழுகற கூரை எனக்கு, மண்ணு உன் மாமனாருக்கா? நல்லாப் பங்கு பிரிச்சேடா!"

அந்த நேரம் பார்த்து அவள் புருஷன் வேலை முடிந்து வந்தார். தெருத்தெருவாகத் தண்ணீர் மீட்டர் படிக்கிற உத்தியோகம்.

"வாங்க. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் நீங்க. உங்களையும்தானே இவன் ஏமாத்தியிருக்கான்? நாலு பேருக்குக் கேக்கற மாதிரி சொல்லுங்க."

மீட்டர்காரர் செருப்பைக் கழற்ற அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதே இல்லை.

"நான் படிச்சேன்" என்றார் கடைசியில். "சொன்னா நீ வேணாம்னுடுவே. இன்னும் எத்தனை வருஷம் வாடகை கட்டறது? அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்னு மச்சான்தான்..."

அவள் தம்பியை விட்டுவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அவன் திருட்டுப்பய. அது எனக்குச் சின்ன வயசுலயே தெரியும்" என்றாள். "நீங்க..." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வருஷங்கள் போயின. கோட்டுக்கு அந்தப் பக்கம் எழும்பிய மாடி வீட்டில் தம்பியின் மாமனாரே குடியேறினார். தம்பிக்கு அங்கே ஒரு நாற்காலிகூடப் போடுவதில்லை என்று கேள்வி. தம்பி மகள் கல்யாணமாகிக் கடல் கடந்து போனாள். கல்யாணத்துக்கு அத்தைக்காரி வரவில்லை. தையல்காரி அதற்கு முன்பே, பஸ் நிலையத்துக்குப் பின்னால் மருந்துக்கடை மாடியில் ஓர் அறை பிடித்து, மெஷினோடு போய்விட்டிருந்தாள். சின்ன வீட்டில் இப்போது மீட்டர்காரர் மட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மருந்துக்கடை மாடிப்படிவரை போவதைப் பார்த்தவர்கள் உண்டு. ஏறியதைப் பார்த்தவர்கள் இல்லை.